வினையும் சிறுநீரகமும்

நாள்பட்ட சிறுநீரக நோய், தமிழ்ச் சமய மரபின் பழைய கேள்வி ஒன்றைத் திரும்ப எழுப்புகிறது. ஒருவருக்கு வரும் நோய் அவர் முற்பிறப்பில் செய்த வினையின் பயனா, இந்தப் பிறப்பில் அவரும் மற்றவரும் செய்ததன், செய்யத் தவறியதன் விளைவா என்பதே அந்தக் கேள்வி. எலும்பு முறிந்தவரிடம் இது அவ்வளவாக எழுவதில்லை. காரணம் கண்முன்னே கிடக்கிறது. சிறுநீரக நோயோ வலியில்லாமல் தொடங்கிப் பல ஆண்டுகள் சத்தமின்றி வளர்கிறது. வெளியே தெரியும் வேளையில் பெரும்பாலும் மீட்க முடியாத கட்டத்தைத் தொட்டிருக்கும். குடிக்காதவர், புகைக்காதவர், கிருத்திகை விரதம் தவறாதவர் என்று ஊர் மதிப்பவருக்கும் அது வருகிறது. காரணம் தெரியாத இடத்தில் வினை வந்து காரணமாக அமர்ந்துகொள்கிறது.

இதை ஆராய்வதற்குத் திருத்தணி பொருத்தமான இடம். அறுபடை வீடுகளுள் ஒன்றான இந்த மலைக்கு நோய் தீர வேண்டி வருவோர் பலர். வினைக் கோட்பாட்டை இருபதாம் நூற்றாண்டில் உலகின் முன் எடுத்துரைத்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் சொந்த ஊர் இது. துன்பப்படுபவருக்கு உதவுவது வினைவிதிக்கு மாறாகுமா என்று கேட்டு, அதற்கு நேரடியாக விடை எழுதிய வள்ளலார் இளமையில் வழிபட்டதும் தணிகை முருகனையே.

நோயின் இயல்பும் அளவும்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ரத்தத்தை வடிப்பவை இவையே. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. அதனால் பாதித் திறன் போகும்வரை ரத்தப் பரிசோதனையில்கூட மாறுதல் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கூடுதல் சுமையே எஞ்சியவற்றையும் தேய்க்கிறது. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிவதோ, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்குவதோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். நோயின் ஐந்து கட்டங்களில் கடைசியை எட்டியவர் உயிர்வாழப் பொதுவாக டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும்.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 70 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் சுமார் 11.5 கோடிப் பேர் இந்தியர். அந்த ஓராண்டில் உலகில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இதனால் இறந்தனர். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகக் கடைசிக் கட்டத்தை அடைகிறார்கள் என்பது, 2016இல் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது மத்திய அரசு தந்த கணக்கு. 52,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டிய இந்திய நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேடு 2012இல் வெளியிட்ட அறிக்கையில், நோய்க்குக் காரணமாக நீரிழிவு 31 சதவீதம் பேரிடமும், உயர் ரத்த அழுத்தம் 13 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. 16 சதவீதம் பேருக்குக் காரணம் இன்னதென்று வகுக்க முடியவில்லை. பதிவானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மருத்துவரிடம் வந்தபோதே ஐந்தாம் கட்டத்தில் இருந்தனர்.

இந்தக் கடைசித் தகவல்தான் சமயக் கேள்விக்கு அடிப்படை. சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கும் இரண்டு எளிய பரிசோதனைகள் நோயைப் பல ஆண்டுகள் முன்னதாகவே காட்டிவிடும். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் நோயின் வேகம் குறையும். அந்தப் பரிசோதனை செய்யப்படாதபோது, தடுத்திருக்கக்கூடிய ஒன்று தவிர்க்க முடியாததுபோல் வந்து நிற்கிறது. தவிர்க்க முடியாததற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் விதி, ஊழ், தலையெழுத்து.

தணிகை மலையும் நோயும்

சூரனோடு செய்த போருக்குப் பின் முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பது தலமரபு. ஆண்டின் நாளுக்கு ஒரு படியாக மலைக்கு 365 படிகள். ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிப் படித்திருவிழாவும், ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியும் இங்கே பெரிய விழாக்கள். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் ஆதலால், மலைமேல் தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கேட்கும். சுவாமிக்குச் சாத்திய சந்தனத்தை நோய் தீர்க்கும் பிரசாதமாகக் கொள்வது இத்தலத்துப் பழக்கம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தலத்தில் பாடிய திருப்புகழ் ஒன்று, மனித உடலைப் படுத்தும் நோய்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இருமல், வலிப்பு, வாதம், விடாத தலைவலி, சோகை, பெருவயிறு, ஈளை, சூலை என நீளும் அந்த வரிசையில் நீரிழிவும் இருக்கிறது. இன்று இந்தியாவில் சிறுநீரகத்தை அழிக்கும் காரணங்களில் முதலிடம் பெற்ற நோயை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தணிகை முருகன் முன் வைத்த பாடல் அது. பிறவிதோறும் இந்நோய்கள் தன்னை நலியாதிருக்க வேண்டும் என்பதே அதில் உள்ள வேண்டுதல். நோயைப் பிறவிச் சங்கிலியோடு சேர்த்துப் பார்க்கும் மனம் அதில் தெரிகிறது. அதே சமயம், வந்ததை அனுபவித்தே தீர வேண்டும் என்று அது அடங்கிவிடவில்லை. விலக்கித் தா என்று கேட்கிறது.

திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை பகுதிகள் நெசவுக்குப் பேர்போனவை. திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளும் நிறைய. தறியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர், சூளையின் வெக்கையில் நிற்பவர், வயலில் குனிந்திருப்பவர் ஆகிய மூவருக்கும் ஒரு நாள் வேலையை விட்டு மருத்துவமனைக்குப் போவது அன்றைய கூலியை இழப்பதாகும். கடைசிக் கட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். அந்த நிலையை எட்டிய குடும்பம் “என்ன பாவம் செய்தோமோ” என்று சொல்வது இயல்பு. அச்சொல் எந்த அளவுக்கு உண்மை என்பதை மரபின் துணைகொண்டே சோதிக்கலாம்.

வினைக் கோட்பாடு சொல்வதும் சொல்லாததும்

சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் மலங்களாக ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றைச் சொல்கிறது. கன்மத்தையும் மூன்றாக வகுக்கிறது. முன்பு ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறப்பில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். நோயைப் பிராரத்தத்தில் வைப்பது வழக்கம். நுகர்ந்தே கழிக்க வேண்டியது என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது.

இந்தப் பகுப்பு நோயாளிக்கு இரண்டு நன்மைகளைத் தரக்கூடும். துன்பம் பொருளற்ற தற்செயல் அன்று என்ற பிடிமானம் ஒன்று. கழியக்கூடியது என்ற நம்பிக்கை மற்றொன்று. ஆயுள் முழுதும் சிகிச்சையோடு வாழ வேண்டியவருக்கு இவை சிறிய துணை அல்ல. ஆனால் கோட்பாட்டின் மூன்றாவது கூறான ஆகாமியம் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வந்த நிலையில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதும் வினையே. அதுவும் பயன் தரும். சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் விழுங்குவதும் வினை, விட்டுவிடுவதும் வினை. உறவினர் ஒருவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் வினை, போகாமல் இருப்பதும் வினை.

திருக்குறளிலும் இந்த இருமை உண்டு. ஊழ் அதிகாரம் அதனினும் வலியது எது என்று கேட்டு முடிகிறது. ஆள்வினையுடைமை அதிகாரமோ, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று முடிகிறது. மருந்து அதிகாரம் நோய் இன்னது, அதன் முதல் இன்னது, தணிக்கும் வழி இன்னது என்று தேடச் சொல்கிறது. அந்த அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஊழ் காரணமாக வரவில்லை. உணவின் அளவும் செரிமானமும் வாதம் முதலான மூன்று குற்றங்களின் மிகுதியும் குறைவுமே அங்கே பேசப்படுகின்றன.

நோய்க்கு எத்தனை காரணம்

நோய் எல்லாம் வினையே என்ற முடிவை இந்திய மரபுகள் ஒருமனதாக ஏற்றதில்லை. பாலி மொழியிலுள்ள சீவக சூத்திரத்தில், மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையால் வருவனவே என்று சிலர் சொல்கிறார்களே என மோலிய சீவகர் என்னும் பரிவிராசகர் புத்தரிடம் கேட்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றின் சேர்க்கை, பருவமாற்றம், முறைகேடான பழக்கம், பிறர் தாக்குதல், வினை விளைவு எனப் புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். வினை அவற்றுள் ஒன்று மட்டுமே. எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றுவோர் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் தாண்டிச் செல்கிறார்கள் என்பது அவர் முடிவு. சித்த மருத்துவ நூல்களும் கன்ம நோய் என்று ஒரு வகையைத் தனியே வைக்கின்றன. தனி வகை இருக்கிறதென்றாலே மற்ற நோய்கள் அந்த வகையில் அடங்காதவை என்று பொருள்.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் மூன்றாம் அத்தியாயம் இன்னும் நெருங்கி வருகிறது. உடல்வாகு, உணவு, வலிமை, வயது எல்லாம் வேறுபட்ட மக்களை ஒரே நோய் ஒரே காலத்தில் எப்படி அழிக்கிறது என்று மாணவர் அக்கினிவேசர் கேட்கிறார். காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொதுவானவை. அவை கெடும்போது ஊரே கெடுகிறது என்று அவர் ஆசிரியர் ஆத்திரேயர் விடை சொல்கிறார். அவை கெடுவதற்கு மூலம் அதர்மம். நாட்டையும் நகரையும் ஆள்வோர் அறம் பிறழ்வதில் அது தொடங்கி மக்களிடையே பரவுகிறது என்றும் விளக்குகிறார். நோயாளியின் தனிப்பட்ட முற்பிறவியைத் தேடாமல் பொதுநீரையும் ஆட்சியையும் பார்க்கும் பார்வை இது. அதே அத்தியாயத்தில், ஆயுள் முழுவதும் முன்பே முடிவானதென்றால் மருந்துக்கும் பாதுகாப்புக்கும் வேலையே இராது என்ற வாதமும் இடம்பெறுகிறது.

தமிழ்ச் சைவத்தில் இதற்கு இணையான நிகழ்ச்சி திருஞானசம்பந்தர் வரலாற்றில் உண்டு. கொங்கு நாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், பனிக்காலத்தில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இது இந்த நிலத்தின் இயல்பு என்று அவர்கள் சொன்னதாகவும், சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாட, அடியார்களை மட்டுமின்றி அந்நாட்டையே விட்டுச் சுரம் நீங்கியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பதிகத்தின் முதற்பாட்டு, இத்துன்பம் அந்த வினைக்கு வந்தது என்று பேசிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாமல் இருப்பதைக் குறையென்று கடிகிறது. வினை உண்டு என்பதை அது மறுக்கவில்லை. வினையைக் காட்டிச் செயலற்றிருப்பதை மறுக்கிறது.

ஊர் முழுவதும் ஒரே வினையா

ஒரு வட்டாரம் முழுவதும் நோய் பரவும்போது தனிமனித வினை என்ற விளக்கம் மிகவும் தடுமாறுகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் பகுதியில், கவிட்டி, சோம்பேட்டை, பலாசா வட்டாரங்களில், பல பத்தாண்டுகளாகச் சிறுநீரக நோய் பெருகியுள்ளது. பாதிக்கப்பட்டோரில் பலருக்கு நீரிழிவும் இல்லை, உயர் ரத்த அழுத்தமும் இல்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து இதே நிலை. நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் இதே வகை நோய் இளவயதினரைக் கொன்றிருக்கிறது. தெலுங்கு பேசும் இந்துவும், சிங்கள பௌத்தரும், ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கரும் ஒரே நோயைப் பெறுகிறார்கள். இவர்களுக்குப் பொதுவாக இருப்பது கடும் வெயில், உடலுழைப்பு, நிலத்தடி நீர், பூச்சிமருந்து, வறுமை. ஒற்றைக் காரணம் உறுதிப்படவில்லை; வெப்பமும் நீரிழப்பும் முக்கியப் பங்கு வகிக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகளும் அளவுக்கு மீறிய வெப்பச் சுமையையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவு செய்துள்ளன.

வினையென்று தோன்றியது பொதுச் செயலால் எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நிகராகுவாவில் ஒரு கரும்பாலை வெட்டும் தொழிலாளருக்கு நீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறைப்படுத்தியபோது, அறுவடைக் காலச் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. திருத்தணிக்குத் தொலைவில்லாத சென்னைப் புறநகர்க் கிராமங்களில், சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய திட்டம் இரண்டாவது சான்று. ஏறத்தாழ 25,000 மக்களின் வீடுகளுக்கு உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுச் சென்றனர். பிரஷர் பார்த்தனர், பெனடிக்ட் கரைசலைக்கொண்டு சிறுநீரில் சர்க்கரையும், சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைக்கொண்டு புரதமும் சோதித்தனர். நோய் கண்டவர்களுக்கு மிக மலிவான பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. மக்கள் தொகையில் தலைக்கு ஆண்டுக்குக் கால் டாலரை ஒட்டிய செலவுதான் ஆனது. சர்க்கரையும் பிரஷரும் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வந்தன. கால் டாலரில் தள்ளிப்போடக்கூடியதைத் தலையெழுத்து என்று சொல்ல இடமில்லை.

தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதும், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வழங்குவதும் இதே திசையிலான முயற்சிகள். 2025 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை சிறுநீரக நலத்துக்கெனத் தனித் தீர்மானம் நிறைவேற்றி, இந்நோயைத் தடுப்பதைப் பொதுநலக் கடமையாக ஏற்றது.

பார்ப்பவரின் சொல்

வினைக் கோட்பாட்டில் உள்ள அறச் சிக்கல், அதைச் சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. “என் வினை” என்று நோயாளி தம்மைப் பற்றிச் சொல்வது ஒன்று. “அவர் வினை” என்று நலமாயிருப்பவர் சொல்வது மற்றொன்று. பல்லக்குச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பற்றிய குறளுக்கு உள்ள இரண்டு உரைப்போக்குகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. அறத்தின் பயன் இதுவென்று நூலால் உணர்த்த வேண்டாம், இவ்விருவரையும் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். சுமப்பவனிடத்தும் ஏறியவனிடத்தும் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பது பிற்காலத்தார் பலர் கொண்ட பொருள். சூளையில் வெந்து சிறுநீரகம் இழந்தவரிடம் அவர் முற்பிறப்பைச் சுட்டுவது, சுமை ஏற்றியவரின் பொறுப்பை மறைத்துவிடுகிறது என்பதால், இங்கே இரண்டாம் உரையே அறத்துக்கு நெருக்கமானது.

வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874) சென்னையில் சிறுவயதில் கண்ணாடியில் தணிகை முருகனின் காட்சி பெற்றதாக அவர் வரலாறு கூறுகிறது. திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் தணிகைப் பதிகங்கள் நிறைந்துள்ளன. பின்னாளில் அவர் எழுதிய சீவகாருண்ய ஒழுக்கம் ஒரு தடையை எழுப்பி விடை காண்கிறது. முன்வினையால் கடவுள் விதித்த தண்டனையாகவே சீவர்கள் துன்புறுகிறார்கள் என்றால், அந்தத் துன்பத்தை நீக்குவது கடவுளின் ஆணைக்கு விரோதமாகாதா என்பது தடை. விலங்கிட்டுச் சிறையில் வைத்த குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக்கொண்டு உணவு கொடுக்கிறான். உணவு கொடுத்த சேவகன் அரசனுக்கு விரோதி ஆவதில்லை என்பது அவர் விடையின் சாரம். வினை உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் உதவாமைக்கு அது சாக்காகாது என்று இதனால் நிலைநாட்டுகிறார். உயிர்களுக்கு நேரும் துன்பங்களை அவர் எண்ணும்போது பசி, கொலை ஆகியவற்றோடு பிணியையும் சேர்த்தே எண்ணுகிறார். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியது இந்த வாதத்தின் செயல்வடிவம்.

1888இல் பிறந்த இராதாகிருஷ்ணன் இதே கேள்வியை வேறு வழியில் சந்தித்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்த ஏ.ஜி. ஹாக், கன்மக் கோட்பாடு உலகை ஒரு நீதிமன்றமாகக் காண்கிறது என்றும், அறம் அந்தக் கணக்கு வழக்கைக் காட்டிலும் பெரிது என்றும் வாதிட்டவர். அவருடைய ‘கர்மமும் மீட்பும்’ என்னும் ஆங்கில நூல் 1909இல் வெளிவந்தது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக மாணவர் 1908இல் தம் முதுகலை ஆய்வுரையை எழுதினார். 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், வாழ்க்கையைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கைக்கு வந்த சீட்டுகள் ஆடுபவர் தேர்ந்தவை அல்ல, முன்வினை தந்தவை; அவற்றைக்கொண்டு எப்படி ஆடுவது என்பது அவர் கையில் இருக்கிறது.

நோயாளி தம் வாழ்வை நடத்த இந்த விளக்கம் உதவுகிறது. பொதுச் சுகாதாரத்தை விளக்க அது போதாது. சீட்டுக் கலைத்துப் போடுபவர் யார் என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. குடிநீரின் தரம், கூலி வேலையின் வெக்கை, மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கும் வலி மாத்திரை, அருகில் பரிசோதனைக்கூடம் இருப்பதும் இல்லாததும் ஆகியவை பிறவியோடு வந்தவை அல்ல, மனிதர் வகுத்தவை. ஹாக்கின் ஆட்சேபத்துக்கு முழு விடை இராதாகிருஷ்ணனிடத்தில் பாதியும் வள்ளலாரிடத்தில் பாதியுமாக இருக்கிறது. வந்த நிலையில் தன் பங்கைச் செய்யும் சுதந்திரம் நோயாளியுடையது. வந்த நிலையை மாற்றும் கடமை மற்றவருடையது.

யாருக்கு எந்திரம், யாருடைய சிறுநீரகம்

தகுதியும் துன்பமும் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள்ளும் புகுந்ததுண்டு. 1960இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் அமெரிக்காவின் சியாட்டிலில் நீண்டகால டயாலிசிஸைச் சாத்தியமாக்கினார். எந்திரங்கள் குறைவாக இருந்ததால், யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி போன்றோர் அதில் இருந்தனர். வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் ஆகியவற்றைக்கூட அவர்கள் எடைபோட்டது 1962இல் ‘லைஃப்’ இதழ் வழியே வெளியே வந்து, பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. கடவுள் குழு என்று அதற்குப் பெயர் விழுந்தது. நல்லவருக்கே உயிர் என்ற கணக்கை மனிதர் போட்டுப் பார்த்தபோது அதன் கொடுமை தெரிந்தது. 1972இல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்கச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கட்டணச் சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. பேருந்துச் செலவும் இழந்த கூலியும் உடன்வரும் உறவினரின் இழப்பும் குடும்பத்தின் மேலேயே நிற்கின்றன.

சிறுநீரக மாற்றில் கேள்வி தியாகத்தின் பக்கம் திரும்புகிறது. திருத்தணியிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்த சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை இந்தியாவின் முதல் வெற்றியாகக் கருதப்படுகிறது. திருத்தணிக்கு வடக்கே உள்ள காளத்தியில் கண்ணப்பர் இறைவனுக்குத் தம் கண்ணை அப்பிய கதை, உறுப்புக் கொடைக்குத் தமிழ்நாட்டில் அடிக்கடி காட்டப்படும் முன்மாதிரி. ஆனால் கொடை என்ற பெயரில் நடப்பவை எல்லாம் கொடை அல்ல. வறுமையால் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகியதால் ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்ற பெயர் ஏற்பட்டது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இத்தகைய விற்பனையைத் தடை செய்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளரிடம் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்ட விவகாரம், தடை மட்டும் போதவில்லை என்று காட்டியது. குடும்பத்துக்குள் நடக்கும் கொடையிலும் நாடு முழுவதும் தருவோரில் பெண்களும் பெறுவோரில் ஆண்களும் அதிகம். விருப்பமும் வற்புறுத்தலும் பிரித்தறிய முடியாதபடி கலக்கும் இடம் அது.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைப் பெறுவது இந்தச் சிக்கலைப் பெரிதும் தவிர்க்கிறது. தமிழ்நாடு 2008இலிருந்து இதற்கு ஒழுங்கான முறை வகுத்து நாட்டில் முன்னணியில் நிற்கிறது. உறுப்புக் குறைந்த உடலோடு எரியூட்டினால் அடுத்த பிறப்பில் அவ்வுறுப்பு இராது என்ற அச்சம் சிலரிடம் உண்டு. உடல் மாயையின் ஆக்கம், உயிரோடு செல்வது வினையே அன்றி உறுப்பு அன்று என்ற சித்தாந்தக் கொள்கையில் இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை அளித்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என மாநில அரசு அறிவித்தது.

வேண்டுதலும் மருத்துவமும்

வழிபாடும் சிகிச்சையும் மோத வேண்டிய தேவை கொள்கையளவில் இல்லை. நடைமுறையில் மோதும் இடங்கள் சில உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் முழுநாள் விரதம் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாகச் சரியலாம். வெயிலில் தண்ணீர் குறைத்துப் பாதயாத்திரை செய்து, கால்வலிக்கு வலி மாத்திரை விழுங்குவது ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வாழைப்பழம், பேரீச்சை, வெல்லம் சேர்ந்த பஞ்சாமிர்தமும் இளநீரும் பொட்டாசியம் மிகுந்தவை. நோய் முற்றியவருக்கு அவை இதயத் துடிப்பையே பாதிக்கலாம். பிரசாதத்துக்கு அளவு விதி எதுவும் இல்லாததால், நாவில் ஒரு துளி வைத்தாலே பெற்றதாகும். டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு நாளில் குடிக்கும் நீருக்கும் வரையறை உண்டு. சேர்மானம் தெரியாத மருந்துகளை நம்பி மாத்திரையை நிறுத்துவதும், உலோகம் கலந்த பொடிகளை உண்பதும் நோயை முடுக்குகின்றன.

மாறாக, மரபின் சில பழக்கங்கள் சிகிச்சைக்குத் துணை செய்யக்கூடியவை. உப்பு நீக்கிய விரத உணவு அவற்றுள் ஒன்று. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட செயலைத் தவறாது செய்யும் நேர்த்திக்கடன் ஒழுங்கு, ஆயுள் முழுதும் மாத்திரை எடுக்க வேண்டியவருக்குத் தேவைப்படும் அதே ஒழுங்கு. கிருத்திகைதோறும் மலைக்கு வருபவர் ஆண்டுக்கொருமுறை சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்வதையும் அந்த ஒழுங்கில் சேர்த்துக்கொள்ள எந்தச் சாத்திரமும் தடையாக இல்லை.

விடையின் எல்லை

நோய் வினைப்பயனா என்ற கேள்விக்கு ஒற்றை விடை சொல்ல முடியாது. ஆனால் எந்த விடை எங்கே செல்லும் என்று வரையறுக்க முடியும். ஒருவருக்கு ஏன் இந்த உடல், இந்தக் குடும்பம், இந்த ஊர் என்ற கேள்விக்கு மருத்துவத்திடம் விடை இல்லை. அங்கே வினைக் கோட்பாடு நம்புவோருக்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரு வட்டாரத்தில் ஏன் பலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது, பாதிப் பேர் ஏன் ஐந்தாம் கட்டத்தில் வருகிறார்கள் என்ற கேள்விகளுக்கு மருத்துவமும் பொருளியலும் விடை தருகின்றன. அங்கே வினையைக் கொண்டுவருவது விடையை மறைப்பதாகும். சீவக சூத்திரமும் சரகரும் சம்பந்தரும் வள்ளலாரும் வெவ்வேறு சமயச் சூழலில் நின்று இந்த எல்லையை ஏற்கிறார்கள்.

இதிலிருந்து கடமைப் பங்கீடு ஒன்று பெறப்படுகிறது. நோயாளி தம் துன்பத்தை வினையென்று கொண்டு ஆறுதல் பெறலாம். அதைப் பறிக்கும் உரிமை மருத்துவருக்கு இல்லை. குடும்பமும் ஊரும் ஆலயமும் அதே சொல்லை அவர்மேல் சுமத்தும் உரிமை பெறவில்லை. அரசுக்கோ அந்தச் சொல்லே உரியதன்று. தூய குடிநீர், உழைப்போருக்கு நிழலும் ஓய்வும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை, தடையின்றி மாத்திரை, எட்டும் தொலைவில் டயாலிசிஸ் ஆகியவை அதன் பொறுப்பு. இவற்றைச் செய்து முடித்த பின்னும் எஞ்சும் நோயை மட்டுமே ஊழின் கணக்கில் எழுத முடியும்.